நடுவழியில் திரும்பிய லாரிகள்

2007 கோடை. ஸ்காட்லாந்தின் ஈஸ்ட் அயர்ஷயரில் உள்ள டம்ஃப்ரீஸ் மாளிகையிலிருந்து மரச்சாமான்களோடு லாரிகள் லண்டனுக்குக் கிளம்பிவிட்டன. புகழ்பெற்ற ஆங்கில மரச்சாமான் கலைஞர் தாமஸ் சிப்பண்டேலின் பட்டறையில் சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் செய்த கட்டிலும் நாற்காலிகளும் அவற்றில் இருந்தன. கிறிஸ்டீஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. கடைசி நேரத்தில், அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் முன்னின்று 4.5 கோடி பவுண்டு திரட்டினார். வீடு, சாமான்கள், சுற்றியிருந்த சுமார் 2,000 ஏக்கர் எல்லாம் ஒன்றாகக் கைமாறின. லாரிகள் நடுவழியில் திரும்பின.

கட்டடக் கலைஞர்களான ஆடம் சகோதரர்கள் வடிவமைத்து, 1754 முதல் 1759 வரை கட்டிய வீடு டம்ஃப்ரீஸ் மாளிகை. பின்னர் அது பியூட் பிரபுக்களின் குடும்பச் சொத்தானது. அவர்களுக்கு வேறு பெரிய மாளிகைகள் இருந்ததால், இங்கே புதுப்பாணிக்குப் பெரிதாக எதையும் மாற்றவில்லை. அதனால்தான் இந்த வீட்டுக்கென்று வாங்கிய சாமான்கள் பெரும்பாலும் இங்கேயே தங்கின. கட்டடத்தைக் காத்துச் சாமான்களை விற்றிருந்தால், அழகான வெற்றுச் சுவர்கள்தான் மிஞ்சியிருக்கும்.

ஆனால் என்னை அதிகம் ஈர்ப்பது அந்த நிலம். வாங்கிய பணத்தில் 2 கோடி பவுண்டு, சார்லஸின் அறக்கட்டளை பொறுப்பேற்ற கடன். நிலத்தின் ஒரு பகுதியில் நாக்ரூன் என்ற புதுக்குடியிருப்பை எழுப்பி, வீடுகளை விற்றுக் கடனை அடைப்பது திட்டம். 2008 நெருக்கடியில் வீட்டுச் சந்தை சரிந்தது. நூற்றுக்கணக்கில் திட்டமிட்ட வீடுகளில் சில பத்துகளே எழுந்தன. கடனை அடைக்க நன்கொடையாளர்கள் கைகொடுத்தார்கள்.

பக்கத்து ஊரான கம்நாக், நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த ஊர். சுரங்கங்கள் மூடியபின் இளைஞர்களுக்கு வேலையில்லை. மீட்புப் பணியின் உண்மையான துணிச்சல் இங்கேதான் தெரிகிறது. மாளிகையை வேடிக்கைப் பொருளாகப் பூட்டி வைக்காமல், வளாகத்திலேயே சமையல், விருந்தோம்பல், கல்வேலை, தையல், தோட்டக்கலை கற்றுக்கொடுக்கத் தொடங்கினார்கள். பாழடைந்து கிடந்த 5 ஏக்கர் மதில்தோட்டம் சீராகி 2014இல் திறந்தது. பள்ளிப் பிள்ளைகள் அங்கே வந்து விதைக்கவும் அறுவடை செய்யவும் கற்கிறார்கள்.

செல்வந்தரின் நாற்காலிகளுக்கு இத்தனை கோடியா என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். சாமான்களை மட்டும் காத்திருந்தால் நானும் அதையே கேட்டிருப்பேன். இங்கே காப்பாற்றிய மாளிகையின் வளாகமே உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தொழிற்கூடமாகியிருக்கிறது. அங்கே கற்ற கைத்தொழிலோடு அவர்கள் வேலைக்குப் போகிறார்கள்.