பாம்பை விடுங்கள், பூஞ்சையைப் பாருங்கள்!

காட்டு ஆராய்ச்சிக்கு வெளிநாடு போகிறேன் என்று ஒரு மாணவி சொன்னால் போதும், 'ஐயோ, பாம்பு இருக்குமே!' என்பார்கள். அடுத்த கேள்வி புலி. போகிற இடம் போர்னியோ என்றால், அங்கே புலியே கிடையாது. பாம்பு உண்டு, ஆனால் பெரும்பாலும் ஆள் அரவம் கேட்டதும் ஒதுங்கிவிடும். பயணத்தைக் கெடுப்பவை வேறு. கைக்கு வந்து சேராத அனுமதி, காயாத சாக்ஸ், தேதி தப்பிய கேமரா. இந்த அற்ப விஷயங்களை மனத்தில் வைத்துப் பெட்டி கட்டுபவர்தான் தகவலோடு ஊர் திரும்புவார்.

போர்னியோ தீவில், மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் டானும் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம். 438 சதுர கிலோமீட்டர் மழைக்காடு. ஒராங்குட்டான், குள்ள யானை, மேகச் சிறுத்தை, சூரியக் கரடி எல்லாம் வாழும் இடம். 1986 முதல் இங்கே கள ஆய்வு மையம் இயங்கிவருகிறது. பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள்.

பெட்டிக்கு முன் காகிதம்

சபாவில் பல்லுயிர் வளத்துக்கென்றே 2000-ல் தனிச் சட்டம் போட்டார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்கள் சபா பல்லுயிர் மன்றத்திடம் உரிமம் வாங்க வேண்டும். டானும் பள்ளத்தாக்கின் நிர்வாகக் குழுவும் ஆய்வுத் திட்டத்தைப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இதற்கெல்லாம் மாதங்கள் ஓடிவிடும் என்பதால், அனுமதி கைக்கு வந்த பிறகே டிக்கெட் எடுப்பது புத்திசாலித்தனம். குடிநுழைவிலும் சபாவுக்குத் தனி அதிகாரம் உண்டு. கோலாலம்பூரில் முத்திரை வாங்கிய பாஸ்போர்ட்டைச் சபாவின் தலைநகர் கோத்தா கினபாலுவில் மறுபடி நீட்ட வேண்டும். 'சுற்றிப் பார்க்க வந்தேன்' என்று உள்ளே போய்விட்டு ஆராய்ச்சி செய்யலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

தடுப்பூசியையும் கடைசி வாரத்துக்குத் தள்ளக் கூடாது. டெட்டனஸ், டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகள் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வௌவாலைக் கையாளப் போகிறவர் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். அதில் ஒரு ஊசிக்கும் அடுத்ததற்கும் ஒரு வாரமாவது இடைவெளி தேவை.

அட்டையும் ஈரமும்

வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் நடந்தவர்களுக்கு அட்டையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. டானுமில் முக்கியமாக இரண்டு வகை. தரையில் ஊர்ந்து வரும் பழுப்பு அட்டை கடிப்பதே தெரியாது. ரத்தம் சட்டையில் பரவிய பிறகுதான் தெரியும். உடலில் வரிகள் ஓடும் புலி அட்டை இடுப்பு உயரச் செடிகளில் காத்திருக்கும். கடித்தால் சுருக்கென்று இருக்கும். முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த துணியில் தைத்த அட்டை உறையைப் பேன்ட்டுக்கு மேலே இழுத்துக் கட்டினால் முதல் வகை அடங்கிவிடும். இரண்டாவதற்குச் சட்டையைப் பேன்ட்டுக்குள் விடுவதுதான் வழி.

அட்டையை வெறுமனே திட்டவும் முடியாது. அது குடித்து வைத்திருக்கும் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, கண்ணில் படாத பாலூட்டிகளை அடையாளம் காணலாம் என்று 2012-ல் வியட்நாம் காட்டு அட்டைகளை வைத்துக் காட்டினார்கள்.

ஈரம் அட்டையைவிடப் பெரிய தொல்லை. ஜீன்ஸ் ஒருமுறை நனைந்தால் பயணம் முடியும்வரை காயாது, வீட்டிலேயே இருக்கட்டும். எளிதில் உலரும் உடுப்பு இரண்டு செட் போதும்: ஈரமானது காட்டுக்கு, உலர்ந்தது தூக்கத்துக்கு. காலையில் உலர்ந்ததைப் போட ஆசை வரும். அதற்கு இடம் கொடுத்தால் இரண்டுமே நனையும், விரலிடுக்கில் பூஞ்சை பிடிக்கும். விலை உயர்ந்த தோல் பூட்ஸும் வேண்டாம். உள்ளூர் வழிகாட்டிகள் போடுவது முழுக்க ரப்பரில் வார்த்த, அடியில் முட்கள் வைத்த மலிவான ஷூ. 'அடிடாஸ் கம்போங்' என்று கேலியாகப் பெயர். கிராமத்து அடிடாஸ் என்று அர்த்தம். அந்தக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சபாவில் இறங்கியதும் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

கொசு விரட்டியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பலவற்றில் உள்ள டீட் என்ற ரசாயனம் சில வகைப் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். கடிகாரப் பட்டை, பைனாகுலர் ரப்பர் எல்லாம் பிசுபிசுத்துப் போகும். தவளை ஆய்வு செய்கிறவர்கள் கையில் தடவவே கூடாது. தோல் வழியாகவும் சுவாசிக்கும் பிராணிக்கு அது விஷம்.

தேதி தப்பிய சிறுத்தை

தானியங்கிக் கேமராவை மரத்தில் கட்டுவது சுலபம். ஒழுங்காகக் கட்டுவதில்தான் வித்தை. உடல் சூடும் அசைவும் சேர்ந்து பட்டால் கேமரா படம் பிடிக்கும். எதிரே வெயில் பட்ட ஓர் இலை ஆடினாலும் அதற்கு மிருகம்தான். அந்த இலையைக் கிள்ளி எறியாமல் வந்தால், மெமரி கார்டு முழுக்க இலைப் படமாக இருக்கும். பேட்டரி மாற்றும்போது சில கேமராக்களில் தேதி தொடக்கத்துக்கே போய்விடும். பிறகு மேகச் சிறுத்தை வந்து நின்றாலும், என்றைக்கு வந்தது என்று சொல்ல முடியாது; ஆய்வில் அந்தப் படத்துக்குப் பாதி மதிப்புதான். அதனால் இடம், தேதி, எண் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நம்மை நாமே முதல் படமாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஈரம் உறிஞ்ச சிலிக்கா ஜெல் பொட்டலம், மழையிலும் எழுதக்கூடிய நோட்டு, பென்சில் மூன்றும் கட்டாயம். பேனா மை கரைந்து ஓடும். பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-ஹவரைத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. கடைசியாக ஏறும் சிறிய விமானத்தின் எடை வரம்பு எவ்வளவோ, அதுதான் மொத்தப் பெட்டிக்கும் வரம்பு.

முகக்கவசத்துக்கும் இடம் ஒதுக்குங்கள். நம் சளி ஒராங்குட்டானுக்குத் தொற்றும். குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்பது நெறி. மூக்கு ஒழுகினால் அன்றைக்கு முகாமில்தான் வேலை.

திரும்பும்போது

கீழே கிடந்த எலும்பு, ஒரு கொத்து முடி என்று நினைவுப் பொருள் எதுவும் பெட்டிக்குள் வரக் கூடாது. வன உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் ஒராங்குட்டான் இருக்கிறது. ஆய்வு மாதிரிகளை வெளியே கொண்டுபோகவும் தனி உரிமம் வேண்டும். ஷூவில் ஒட்டிய மண்ணையும் விதையையும் அங்கேயே தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகும் காய்ச்சலுக்கு ஒரு கண் வைத்திருக்க வேண்டும். பெரும்பாலும் குரங்குகளிடம் இருப்பதாக நினைத்த நோலெசி மலேரியா மனிதர்களிடமும் பரவலாக இருப்பதை, பக்கத்து மாநிலமான சரவாக்கின் கபிட் பகுதியில் பல்பீர் சிங் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. இன்று சபாவிலும் சரவாக்கிலும்தான் இது அதிகம். நுண்ணோக்கியில் சாதுவான வேறொரு மலேரியா போலத் தெரியும். ஆனால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பெருகி ஆளைச் சாய்த்துவிடும். மலேரியாவைத் தடுக்க டாக்டர் எழுதிக்கொடுப்பது டாக்சிசைக்ளின் என்றால், காட்டை விட்டு வந்த பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் சொல்லும் முதல் வாக்கியமே 'சபா காட்டில் இருந்தேன்' என்பதாக இருக்கட்டும். உடன் தங்குபவரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். காய்ச்சல் முற்றினால் உங்களுக்காகப் பேசப்போவது அவர்தான்.