எல்லைப் பள்ளிகளில் தேர்ச்சியும் மாணவர் பின்னணியும்

கேரள மாநிலத்தில் 2025ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதியோரில் 99.5 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றனர். கல்வியில் நெடுங்காலமாக முன்னணியில் நிற்கும் மாநிலத்திற்கு இது பெருமை தருவதே. ஆயினும், ஏறக்குறைய அனைவரும் தேர்ச்சி பெறும் நிலையில், ஒரு பள்ளியின் உண்மை நிலையை அறியத் தேர்ச்சி விகிதம் மட்டும் போதுமா? பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழக எல்லையை ஒட்டிய அரசு உயர்நிலைப் பள்ளிகளைக் கருதும்போது இக்கேள்வி இன்றியமையாததாகிறது.

இரு வேறு எல்லைகள்

இவ்விரு பகுதிகளிலும் தமிழ்வழி வகுப்புகள் உண்டு. ஆனால் அவற்றில் பயிலும் மாணவரின் பின்னணி ஒன்றல்ல. பாலக்காட்டின் சித்தூர் வட்டம் முன்னாளில் கொச்சி அரசுக்கு உட்பட்டிருந்தது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் போன்ற ஊர்களில் வேளாண் தொழிலை நம்பிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் இவர்களுக்கு அண்மையில் உள்ள நகரங்கள்.

இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலச் சீரமைப்பின்போது தமிழகத்துடன் இணைக்கும் கோரிக்கை எழுந்தும் இவை கேரளத்திலேயே நீடித்தன. இங்குள்ள தமிழர்களில் பெரும்பாலோர் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தேயிலை, ஏலத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள். தேயிலைத் தோட்டங்களில் வாழ்பவர்களுக்கு லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளே உறைவிடம். பணி ஓய்வுடன் வீட்டையும் விட்டு வெளியேற வேண்டியிருப்பதால் குடும்பங்கள் இடம் பெயர்கின்றன. பிள்ளைகளின் பள்ளியும் மாறுகிறது.

சராசரி மறைப்பது

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு பள்ளியில் நூறு பேர் தேர்வு எழுதுகின்றனர். எண்பது பேர் மலையாளவழி, இருபது பேர் தமிழ்வழி. தவறிய மூவரும் தமிழ்வழி மாணவர்கள் எனில் பள்ளியின் தேர்ச்சி 97 விழுக்காடு. தமிழ்வழிப் பிரிவின் தேர்ச்சியோ 85 விழுக்காடு. பள்ளியின் மொத்தக் கணக்கை மட்டும் காணும் அதிகாரிக்கு இந்த வேறுபாடு புலப்படாது.

தேர்ச்சி பெற்றவர்களின் தரமும் ஒன்றல்ல. 2005ஆம் ஆண்டில் மதிப்பெண்ணுக்கு மாற்றாகத் தரநிலை முறை புகுத்தப்பட்டது. தேர்ச்சிக்கு 30 விழுக்காடு போதும். பெரும்பாலான பாடங்களில் 20 விழுக்காடு பள்ளியே அளிக்கும் தொடர் மதிப்பீட்டுக்கு உரியது. 2025ஆம் ஆண்டுத் தேர்வு வரை இருந்த முறைப்படி, தொடர் மதிப்பீட்டில் 18 பெற்ற மாணவர் எழுத்துத் தேர்வில் 80க்கு 12 பெற்றாலும் அப்பாடத்தில் தேர்ச்சி உண்டு. இக்குறையை உணர்ந்தே எழுத்துத் தேர்வுக்குத் தனிக் குறைந்தபட்ச மதிப்பெண் 2024-25இல் எட்டாம் வகுப்பில் தொடங்கப்பட்டது. விதி கடுமையாகும்போது, இதுவரை சராசரிக்குள் மறைந்திருந்த மாணவர்களே முதலில் பாதிக்கப்படுவர்.

எண்ணிக்கையும் பயிற்றுமொழியும்

தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற வசதி அளிக்குமாறு அரசியலமைப்பின் 350அ பிரிவு மாநிலங்களைப் பணிக்கிறது. பள்ளியில் நாற்பது பேரோ வகுப்பில் பத்துப் பேரோ இருப்பின் தொடக்க நிலையில் தாய்மொழி வழிக் கற்பித்தல் தரப்பட வேண்டும் என்பது 1949 முதல் ஏற்கப்பட்ட நெறி. கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளின் மாணவர் எண்ணிக்கையே ஆசிரியர் பணியிடங்களுக்கு அடிப்படை. எனவே சில குடும்பங்கள் தோட்டத்தை விட்டுச் சென்றாலே ஒரு பிரிவும் அதன் ஆசிரியரும் இல்லாமற்போகக் கூடும். ஆசிரியர் இல்லையெனில் பெற்றோர் வேறு பள்ளியை நாடுவர். எண்ணிக்கை மேலும் குறையும். காரணமும் விளைவும் ஒன்றையொன்று வளர்க்கும் இந்நிலையில், மாணவர் குறைவைப் பெற்றோரின் விருப்பமின்மை என்று மட்டும் கொள்வது பொருந்தாது.

சான்றிதழ் என்னும் தடை

அட்டவணைச் சாதியினர் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியே வகுக்கப்பட்டது. ஒரு மாநிலத்தில் அத்தகுதி பெற்றவர் வேறு மாநிலத்தில் குடியேறுவதால் மட்டும் அங்கும் அத்தகுதியைப் பெற மாட்டார் என உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. 1950ஆம் ஆண்டுக்கு முன்பே குடும்பம் கேரளத்தில் வாழ்ந்ததை நிறுவும் ஆவணம் தோட்டத் தொழிலாளர் பலரிடம் இல்லை. சொந்த நிலமோ வீடோ இல்லாதவரிடம் பழைய பத்திரம் எங்ஙனம் இருக்கும்? உதவித்தொகையும் இட ஒதுக்கீடும் கைக்கு எட்டாதபோது, நன்கு பயிலும் மாணவரும் பத்தாம் வகுப்போடு நின்றுவிட நேரிடுகிறது.

பத்தாம் வகுப்புக்குப் பின்

பத்து ஆண்டுகள் தமிழில் பயின்றவர் மேல்நிலை வகுப்பில் பெரும்பாலும் ஆங்கிலப் பாடநூல்களை எதிர்கொள்கிறார். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் பயிலும் வாய்ப்பு உண்டு. அறிவியலும் தொழிற்கல்வியும் நாடுவோர் பலர் எல்லை கடந்து செல்கின்றனர். அங்கு அவர்கள் வேறு மாநில மாணவர்களாகக் கருதப்பட நேரலாம். மொழியால் ஒரு புறத்திலும் இருப்பிடத்தால் மறுபுறத்திலும் அவர்கள் புறத்தாராகின்றனர்.

செய்யத்தக்கவை

மாணவரின் தாய்மொழி, பயிற்றுமொழி ஆகிய விவரங்கள் பள்ளிப் பதிவேடுகளில் ஏற்கெனவே உள்ளன. அவற்றைத் தேர்வு முடிவுகளுடன் இணைத்துப் பயிற்றுமொழி வாரியாகத் தரநிலைகளை ஆராய்வது முதற்பணி. பத்தாம் வகுப்பு முடித்தோர் ஈராண்டுக்குப் பின் எங்குள்ளனர் என்பதையும் பள்ளிகள் குறித்து வைக்கலாம். எட்டாம் வகுப்பிலிருந்தே பாடக் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே பயிற்றுவித்தால் மேல்நிலை வகுப்பின் சுமை குறையும். தோட்ட நிறுவனங்களின் பழைய பணிப்பதிவேடுகளைக் குடியிருப்புச் சான்றாக ஆராய்வது குறித்து வருவாய்த் துறையினர் எண்ணிப் பார்க்கலாம்.

எத்தனை பேர் தேர்ந்தனர் என்பது பள்ளியின் கணக்கு. யார் தேர்ந்தனர், தேர்ந்தபின் எங்குச் சென்றனர் என்பதே சமுதாயத்தின் கணக்கு. எல்லைப் பகுதிப் பள்ளிகளை இவ்விரண்டாம் கணக்கினால் மதிப்பிடும்போதுதான் அங்குள்ள குறைகளைக் களையும் வழி புலப்படும்.