எருவுக்கும் துத்தநாகத்துக்கும் என்ன உறவு?



நடவு நட்டு மூன்றாவது வாரம். பயிர் பச்சை பிடித்துத் தூர் கட்ட வேண்டிய நேரம். ஆனால் வயலில் திட்டுத் திட்டாகப் பயிர் குறுகி நிற்கிறது. அடி இலைகளில் துரு தெளித்தாற்போல் புள்ளிகள்; இளம் இலையின் நடு நரம்பு அடிப்பக்கம் வெளுத்திருக்கிறது. பூச்சி என்று நினைத்து மருந்து அடிக்கிறவர்களும் உண்டு. அது பூச்சி அல்ல, துத்தநாகப் பற்றாக்குறை. வடக்கே பந்த்நகர் பக்கம் ‘கைரா’ என்று சொல்லும் நெல் நோய் இதுதான். இதற்குத் துத்தநாகக் குறையே காரணம் என்பதை ஒய்.எல். நேனே என்ற விஞ்ஞானி 1966-இல் எழுதி வெளியிட்டார்.

“ஐயா, நான் ஜிங்க் சல்பேட் போட்டாச்சே, அப்புறமும் வந்துடுச்சே?” என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

துத்தநாக சல்பேட்டில் நூற்றுக்கு 21 பங்கு துத்தநாகம். தண்ணீர் பட்டதுமே கரைந்துவிடும். கரைந்தபின் என்ன ஆகிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. களர் நிலம், சுண்ணாம்புச் சத்து மிகுந்த நிலம், உப்புக் கிணற்றுப் பாசனம் என்றால், தனியாக மிதக்கும் துத்தநாகம் கார்பனேட்டோடு சேர்ந்து சுண்ணாம்பு படிவதுபோல் அடியில் படிந்துவிடும். சூப்பர் பாஸ்பேட்டையோ டி.ஏ.பி.யையோ கூடவே கலந்து போட்டால் மணிச்சத்தோடு சேர்ந்து கட்டிக்கொள்ளும். மீதியைக் களிமண் பிடித்துக்கொள்ளும். போட்டது வயலில்தான் இருக்கிறது, வேருக்கு எட்டவில்லை.

இங்கேதான் எரு வருகிறது. அந்தக் காலத்தில் கடுக்காய் ஊறிய தண்ணீரில் கொஞ்சம் அன்னபேதி போட்டு எழுத்து மை செய்வார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் கறுத்துவிடும். அன்னபேதியில் இருப்பது இரும்பு. கடுக்காயின் துவர்ப்பு அதைப் பிடித்துக்கொள்வதால் வந்த கறுப்பு அது. இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரில் டீ போட்டால் கறுக்கிறதே, அதுவும் இதேதான். இலை, தழை, சாணம் மட்கிய தண்ணீர் தேநீர் நிறமாக இருக்கிறதல்லவா? அந்த நிறத்தைக் கொடுக்கும் மட்குப் பொருள்களுக்கும் உலோகத்தைப் பிடிக்கும் குணம் உண்டு. ஒரே துகள் இரண்டு மூன்று பக்கமாகக் கவ்விப் பிடிக்கும். வரப்பு நண்டு கொடுக்கால் கவ்வுமே, அந்த மாதிரி. இந்தப் பிடிப்புக்கு 1920-இல் இங்கிலாந்து வேதியியலார் வைத்த ‘கீலேட்’ என்ற பெயரே, நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

இப்படிக் கவ்விய துத்தநாகம் சட்டென்று படியாது. தண்ணீரோடு நகர்ந்து வேர் அருகே போகும். அங்கே பிடி தளரும், வேர் எடுத்துக்கொள்ளும்.

எல்லா உலோகத்தையும் ஒரே அளவில் பிடிப்பதில்லை. தாமிரத்தைத்தான் உடும்புப் பிடியாகப் பிடிக்கும். அதனால்தான் தெளிந்த தண்ணீரில் மீனைக் கொல்லும் அளவு மயில்துத்தம், தழை ஊறிப் பழுப்பேறிய தண்ணீரில் அவ்வளவு கடுமை காட்டாது. அதை நம்பி, பாசிக்கு மயில்துத்தம் போட்ட வயல் தண்ணீரை மீன் குட்டைக்குத் திருப்பிவிடாதீர்கள்! தாமிரம் எங்கும் போய்விடவில்லை, கட்டுண்டு கிடக்கிறது, அவ்வளவே.

எரு என்றால் எதுவும் ஆகுமா? ஆகாது. பச்சைத் தழையையோ வைக்கோலையோ மடக்கி உழுது மறுநாளே நடவு நட்டால், அது தண்ணீருக்குள் அழுகும்போது உண்டாகும் பொருள்கள் துத்தநாகம் வேருக்குள் போவதைத் தடுக்கும். உதவி செய்ய வேண்டியதே உபத்திரவமாகிவிடும். மட்குவதற்கு நாள் கொடுங்கள்.

இனி அளவு. எரு இல்லாத வயலுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட். 20 கிலோ காய்ந்த மணலில் கலந்து, சமன் செய்தபின் நடவுக்குச் சற்று முன்னால் மேலாகத் தூவ வேண்டும். உழுது புதைக்க வேண்டாம். ஏக்கருக்கு இரண்டரை டன் தழையுரம் போட்டவர்களுக்கும், ஊட்டமேற்றிய தொழு உரம் போடுகிறவர்களுக்கும் 5 கிலோவே போதும். பாதிச் செலவு மிச்சம்!

ஊட்டமேற்றுவது பெரிய வித்தை இல்லை. 5 கிலோ துத்தநாக சல்பேட்டை 50 கிலோ மட்கிய தொழு உரத்தில் கலக்குங்கள். புட்டுக்கு மாவு பிசிறும் பதத்தில் ஈரம் இருக்கட்டும். நிழலில் குவித்து மூடி ஒரு மாதம் வையுங்கள். கடையில் ‘செலேட்டட் ஜிங்க்’ என்று கூடுதல் விலைக்குக் கிடைப்பதிலும் இதே கவ்வல்தான். அங்கே கவ்வுவது ஆலையில் செய்த பொருள். சேற்றில் போடுவதற்கு முதலில் மாட்டுக் கொட்டகையைப் பாருங்கள் என்பேன்.

வயலில் ஏற்கெனவே துருப்புள்ளி வந்துவிட்டதா? எருவுக்குக் காத்திருக்க நேரமில்லை. பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட், 100 கிராம் யூரியா கரைத்து இலை நனையத் தெளியுங்கள். அறிகுறி மறையும்வரை 15 நாளுக்கு ஒரு முறை தெளிக்கலாம்.