மூச்சு பட்டால் அழியும் ஓவியம்

பிரான்ஸில் லாஸ்கோவுக்குப் போகிற சுற்றுலாப் பயணி யாரும் லாஸ்கோ குகைக்குள் நுழைவதில்லை. பார்த்துவிட்டு வருவது அதன் நகலை. அசல் குகை 1963-லேயே மூடப்பட்டுவிட்டது. காரணம், பார்க்க வந்தவர்கள் விட்ட மூச்சு.

1940 செப்டம்பரில் பையன்கள் நால்வர் கண்டுபிடித்த குகை இது. சுவரெல்லாம் காளைகள், குதிரைகள், மான்கள். ஒரு காளை மட்டுமே ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். வரைந்து சுமார் 17,000 ஆண்டுகள் ஆகின்றன. சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவிமண், கறுப்புக்கு மாங்கனீசுக் கல். எல்லாமே கனிமங்கள் என்பதால் வெளுக்கவில்லை. இருட்டில் வரைந்தவர்களுக்கு வெளிச்சம் தந்தது விலங்குக் கொழுப்பில் எரிந்த கல்விளக்கு.

1948-இல் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 1955 வாக்கில் நாளொன்றுக்கு 1,200 பேர் வந்தார்கள். மூச்சில் வெளிவரும் கரியமில வாயு சுவரின் ஈரத்தில் கலந்தால் வலுக்குறைந்த அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையை அரிக்கும். அப்படிக் கரைந்த சுண்ணாம்பு இன்னோரிடத்தில் வெள்ளைப் படலமாக உறைந்து ஓவியத்தையே மறைக்கும். போதாக்குறைக்கு, மின்விளக்கு வெளிச்சத்தில் பச்சைப் பாசி வேறு படர்ந்தது. கடைசியில் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூட உத்தரவிட்டார். என்னைக் கேட்டால், அவர் பதவியில் செய்த நல்ல காரியங்களில் இதற்குத்தான் முதலிடம்.

அந்தப் பாடம் வீண்போகவில்லை. 1994-இல் கண்டெடுத்த ஷோவே ஓவியக் குகை பொதுமக்களுக்குத் திறக்கப்படவே இல்லை. அதற்கும் நகல்தான், 2015 முதல்.

நகல் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 2016-இல் திறந்த புதிய லாஸ்கோ நகலில் சுவரின் மேடுபள்ளங்கள்கூட அப்படியே இருக்கின்றன. ஓவியத்தின் நுணுக்கத்தை நின்று பார்க்க அதுவே வசதி. ஆனால் அசல் ஓவியக் குகை ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும். லாஸ்கோவுக்கு அருகிலேயே லெஸ் எய்ஸீ ஊரில் இருக்கும் ஃபோன் த கோம் குகைக்குச் சிறு குழுக்களை மட்டும் விடுகிறார்கள். ரூஃபின்யாக் குகையில் சின்ன மின்ரயில் உங்களை மாமத் யானை ஓவியங்களிடம் கொண்டுபோகும். வழியில் தரையில் தெரியும் குழிகள், குகைக்கரடிகள் படுத்துறங்கத் தோண்டியவை. பிரனீஸ் மலையின் நியோ குகையில் மின்விளக்கே கிடையாது. கையில் டார்ச்சோடு வெகுதூரம் நடந்து போனால்தான் காட்டெருமைகளைப் பார்க்கலாம். மூன்றில் என் வாக்கு நியோவுக்கே.

டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். உள்ளே சுவரைத் தொடாதீர்கள். கோடையிலும் குகைக்குள் 12, 13 டிகிரிதான் இருக்கும், ஸ்வெட்டரை மறந்துவிடாதீர்கள்.