பழகிய முகம்தான், பேசியவன் வேறு ஆசாமி!

கோழிக்கோட்டில் வசிக்கும் அந்தப் பெரியவர், பொதுத்துறை நிலக்கரி நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2023-ம் ஆண்டு ஜூலை மாதம் ஒருநாள் வாட்ஸ்அப்பில் அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. புதிய நம்பர். ஆனால் பேசியவரோ, முன்பு அவருடன் ஒன்றாக வேலை பார்த்த ஆந்திர நண்பர்!

பழைய சகாக்களின் பெயர்களைச் சொல்லி நலம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். தாம் துபாய் விமான நிலையத்தில் இருப்பதாகவும், மும்பையில் உறவுக்காரப் பெண்ணுக்கு அவசர ஆபரேஷன் என்றும், ரூ.40 ஆயிரம் அனுப்பினால் வந்ததும் தந்துவிடுவதாகவும் கூறினார்.

பெரியவர் ஏமாளி அல்ல. முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். உடனே வீடியோவில் முகம் தெரிந்தது. சில விநாடிகள்தான். அதே முகம், உதடு அசைந்தது, கண் சிமிட்டியது. சந்தேகம் தீர்ந்தது. பணமும் போய்ச் சேர்ந்தது.

சற்று நேரத்தில் மேலும் ரூ.35 ஆயிரம் கேட்கவே, பெரியவருக்குப் பொறி தட்டியது. தம்மிடம் இருந்த பழைய நம்பரில் நண்பரைக் கூப்பிட்டார். நண்பர் திகைத்துப் போனார். அவர் பணமே கேட்கவில்லை!

கம்ப்யூட்டர் போட்ட வேஷம்

இந்த வித்தைக்கு 'டீப்ஃபேக்' என்று பெயர். ஒருவருடைய போட்டோவைக் கொண்டு, அவரே பேசுவது போன்ற படத்தைக் கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது. குரலைக் காப்பியடிக்கச் சிறிது நேரப் பேச்சே போதும். இவற்றை மோசடிப் பேர்வழிகள் தேடி அலைய வேண்டியதில்லை. கல்யாணப் படம், கோவில் திருவிழா வீடியோ என்று நாமே வலைத்தளங்களில் போட்டு வைக்கிறோம்.

ஹாங்காங்கில் நடந்தது இதைவிடப் பெரிது. 2024-ம் ஆண்டு தொடக்கத்தில், பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவு ஊழியருக்கு ரகசியமாகப் பணம் அனுப்பும்படி தகவல் வந்தது. முதலில் சந்தேகப்பட்டார். ஆனால் வீடியோ கூட்டத்தில் நிதி அதிகாரியும் சக ஊழியர்களும் நேரில் பேசுவதுபோல் பேசவே, நம்பிவிட்டார். 15 தவணைகளில் 20 கோடி ஹாங்காங் டாலர் பறிபோனது. கூட்டத்தில் தோன்றிய மற்ற அனைவரும் போலிகள்! தலைமை அலுவலகத்தில் விசாரித்த பிறகே குட்டு வெளிப்பட்டது.

அன்று தந்தி, இன்று வீடியோ

அந்தக் காலத்தில் "தாயார் கவலைக்கிடம், உடனே புறப்படு" என்று தந்தி வரும். லீவுக்காகச் சொல்லி வைத்து அடிக்கப்பட்ட தந்திகளும் உண்டு. அதனால் தந்தியைச் சந்தேகிக்க மேலதிகாரிகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் தம்பியின் முகமே எதிரில் வந்து அழுதால் யார் சந்தேகிப்பார்கள்? ஊரை விட்டு வந்து பிழைப்பவர்களுக்கு, குடும்பம் என்பதே போனில் கேட்கும் குரல்தானே! அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

என்ன செய்ய வேண்டும்?

அவசரம் என்று யார் பணம் கேட்டாலும், முதலில் போனை வைத்துவிட வேண்டும். வந்த நம்பரை விட்டுவிட்டு, ஏற்கெனவே குறித்து வைத்துள்ள நம்பரில் திருப்பிக் கூப்பிட வேண்டும். அது கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டாரிடமாவது விசாரிக்க வேண்டும். வீட்டாருக்குள் ஒரு ரகசியச் சொல்லைப் பேசி வைத்துக்கொள்வதும் நல்லது.

பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்கக் கூடாது. நாடு முழுவதும் எந்த நேரமும் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வங்கியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு.

கோழிக்கோட்டுப் பெரியவரும் அப்படித்தான் புகார் செய்தார். மகாராஷ்டிர வங்கிக் கணக்கு ஒன்றுக்குப் பணம் போனதைக் கேரள போலீசார் கண்டுபிடித்து முடக்கினர். ரூ.40 ஆயிரமும் மீட்கப்பட்டது.

அவரை ஏமாற்றியது நண்பரின் முகம். காப்பாற்றியது, அழிக்காமல் வைத்திருந்த நண்பரின் பழைய நம்பர்!