இத்தாலியில் களி கிண்டும் ஓசூர் பையன்!

ஓசூர்.-
ஓசூரில் ராகி களி தின்று வளர்ந்த பையன், இத்தாலிக்குப் போயும் களி கிண்டுகிறான் என்றால் நம்புவீர்களா?

கிண்டுகிறான்! ஆனால் அது ராகி அல்ல. மக்காச்சோளம்!

பையன் வேறு யாருமில்லை. என் அக்காள் மகன்தான். பெயரைப் போட முடியாது. "மாமா, பேப்பர்ல என் பேரு வந்துச்சுன்னா நான் பேசவே மாட்டேன்" என்று முதலிலேயே கண்டிஷன் போட்டுவிட்டான். ஆகவே இங்கே அவன் வெறும் 'பையன்'.

அவனுடைய அப்பா சிப்காட்டில் ஒரு பாக்டரியில் லேத் ஓட்டுகிறவர். பையன் படிப்பது டுரின் நகரத்தில். 1859-ல் தொடங்கிய பொலிடெக்னிக்கோ என்ற பல்கலைக்கழகத்தில் மோட்டார் வாகனப் பொறியியல் மேல்படிப்பு. பியட் கார் கம்பெனி 1899-ல் பிறந்த ஊர் அது.

பழைய உறவு

ஓசூருக்கும் டுரினுக்கும் உறவு புதிதல்ல. ஓசூரில் லாரி செய்யும் அசோக் லேலண்டில் வெள்ளைக்காரர் வைத்திருந்த பங்கை, 1987-ல் இந்துஜா குடும்பத்தோடு சேர்ந்து வாங்கியது பியட்டின் லாரிப் பிரிவான ஐவெகோ. அதன் தலைமை அலுவலகம் டுரின். சுமார் 20 ஆண்டு அந்தக் கூட்டு நீடித்தது. பிறகு ஐவெகோ விலகிவிட்டது.

"அந்தக் காலத்துல இத்தாலிக்காரனுங்க வந்து போவாங்கன்னு சொல்லுவாங்கப்பா" என்று அத்தான் சொன்னதுதான் பையன் மனதில் விழுந்த விதையோ என்னவோ!

பாடம் இங்கிலீஷ், பசி இத்தாலி

வகுப்பில் பாடம் இங்கிலீஷில்தான். அதை நம்பித்தான் போனான். ஆனால் வகுப்பை விட்டு வெளியே கால் வைத்தால் எல்லாம் இத்தாலி பாஷை!

போய் இறங்கிய 8 வேலை நாளுக்குள் தங்கும் அனுமதிக்கு மனுப் போட வேண்டும். மனு பாரம் போஸ்ட் ஆபீசில் கிடைக்கும். பாரம் முழுக்க இத்தாலி. ஒரு கவுண்டரில் போய் நின்றால் "தொமானி" என்றார்களாம். அடுத்த நாளும் "தொமானி". அது அந்த அதிகாரியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் போய் "மிஸ்டர் தொமானி இருக்காரா?" என்று கேட்டிருக்கிறான்! 'தொமானி' என்றால் 'நாளைக்கு' என்று அர்த்தமாம். எந்த ஊர் ஆபீசானால் என்ன!

சிரிப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மூன்று வாரம் ரொட்டியும் பாலும்தான் சாப்பாடு. அக்காள் போனில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அழுதாள். வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது. அவள் நகையும் அங்கேதான்.

அரசு உதவித்தொகை கிடைத்தது, உண்மை. ஆனால் குறிப்பிட்ட அளவு பாடங்களைப் பாஸ் செய்யாவிட்டால் அது நின்றுபோகும். மாணவர் விசாவில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த வேலைக்கும் பாஷை கேட்கிறார்கள். பயிற்சிக்கு எழுதிப் போட்ட கம்பெனிகளும் அதையே கேட்டன.

"திரும்பி வந்துடட்டுமா மாமா?" என்று ஒரு ராத்திரி கேட்டான். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அத்தானிடம் அதைச் சொல்லவும் இல்லை.

பனியும் பன்னியும்

பையனைக் காப்பாற்றியது மேல்மாடியில் தனியாக இருக்கும் ஒரு கிழவி. ஒருநாள் மாடிப்படியில் அவன் கையில் இருந்த அரிசிப் பையைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாளாம்.

டுரினுக்குக் கிழக்கே வெர்செல்லி, நொவாரா பக்கம் நெல் விளைகிறது. ஐரோப்பாவிலேயே அதிகம் நெல் விளைவிக்கும் நாடு இத்தாலிதான். அந்த அரிசியில் 'ரிசோட்டோ' என்று ஒன்று செய்கிறார்கள். நம் வழக்கப்படி பையன் அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறான். கிழவி தலையில் கை வைத்துக்கொண்டாள்! அந்தப் பசைதான் ருசியே. கழுவவே கூடாது. சூடான காய்கறிச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து அடுப்பங்கரைதான் பள்ளிக்கூடம். உப்பு 'சாலே'. தண்ணீர் 'ஆக்குவா'. மாவு 'பரினா'. கையில் எடுத்துக் காட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள்.

இத்தாலியில் சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில்தான் முடியும், தெலுங்கு மாதிரி. ஓசூர்ப் பையன் அல்லவா? தெருவில் தெலுங்கு, பஸ்சில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று வளர்ந்த நாக்கு சீக்கிரம் வளைந்தது.

நம் தமிழும் கைகொடுத்தது. 'பனி'க்கும் 'பன்னி'க்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? அங்கேயும் அதே கதை. 'பென்னே' என்பது குழாய் மாதிரி ஒரு பாஸ்தா. இரட்டை மெய்யை அழுத்தாமல் சொன்னால், இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாத சொல்லாகிவிடும்! வேறு நாட்டு மாணவர்கள் ஓட்டலில் அதைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்களாம். நம் பையன் மாட்டவில்லை.

ஆனால் மரியாதையில் சறுக்கினான். 'தூ' என்றால் நீ. 'லேயி' என்றால் நீங்கள். கிழவியையே 'தூ' என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

செப்புக் குண்டான்

குளிர் வந்ததும் கிழவி ஒரு செப்புக் குண்டானை இறக்கினாள். உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் மக்காச்சோள மாவை மழைத் தூறல் போலத் தூவி, நீளமான கட்டையால் கிண்டத் தொடங்கினாள். முக்கால் மணி நேரம்! கை வலித்து அவள் நிறுத்தியபோது, பையன் கட்டையை வாங்கிக்கொண்டான்.

"எங்க கத்துக்கிட்டே?" என்று கேட்டாளாம்.

"எங்கம்மா கிட்ட" என்றான். அவன் யோசிக்காமல் பேசிய முதல் இத்தாலி வாக்கியம் அதுதான்.

பலகையில் கொட்டி, ஆறினதும் நூலால் அறுத்து வைக்கிறார்கள். அதற்குப் பெயர் 'பொலெந்தா'. வட இத்தாலி ஏழைகளின் சோறு.

அதில் ஒரு சோகமும் உண்டு. மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். அங்குள்ள பூர்வகுடிகள் அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைப்பார்கள். தானியம் கடல் தாண்டி வந்தது, அந்தப் பக்குவம் வரவில்லை. பொலெந்தாவையே மூன்று வேளையும் தின்ற ஏழைகளுக்கு 18, 19-ம் நூற்றாண்டுகளில் தோல் வெடித்து, புத்தி பேதலித்தது. 'பெல்லாக்ரா' என்ற அந்த நோயின் பெயரே இத்தாலிச் சொல். நியாசின் என்ற வைட்டமின் குறைவுதான் காரணம் என்று பின்னால் தெரிந்தது. ஐதராபாத் பக்கம் சோளம் தின்னும் ஏழைகளிடம் இதே நோயை ஆராய்ந்தவர் டாக்டர் சி.கோபாலன். சேலத்தில் பிறந்தவர்!

கிழவியின் பாட்டி காலத்தில் கூட ஊரில் அந்தப் பேச்சு இருந்ததாம். ஆகவே பொலெந்தாவோடு பாலாடைக்கட்டியோ பருப்போ இல்லாமல் அவள் பரிமாறுவதில்லை. நம்மூரில் களிக்குக் கீரைக் கடைசலும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைக்கிறோமே, அதைப் போல!

பெட்டியில் நெய்

இரண்டாம் வருஷத்துக்கு உதவித்தொகை தொடர்கிறது. பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு சின்னப் பட்டறை பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. நேர்முகம் முழுக்க இத்தாலியில். "கடைசி கேள்வி வேலையைப் பத்தி இல்ல மாமா. ராத்திரி என்ன சமைப்பேன்னு கேட்டாங்க" என்றான். கடன் இன்னும் தீரவில்லை. வட்டியை மட்டும் இப்போது அவனே அனுப்புகிறான்.

போன மாதம் லீவில் வந்திருந்தான். திரும்பும்போது அக்காள் பெட்டியில் இரண்டு கிலோ ராகி மாவும் ஒரு பாட்டில் நெய்யும் வைத்தாள். பாலில் செய்த எதையும் நம் பெட்டியில் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று நெய்யை எடுத்து வெளியே வைத்துவிட்டான்.

"மாவையும் புடுங்கிட்டா என்னடா பண்ணுவே?" என்று கேட்டாள் அக்காள்.

"புடுங்க மாட்டாங்கம்மா. பரினான்னு சொன்னா விட்டுடுவாங்க. அந்தப் பாட்டி அளவு கேட்டுச்சு. ஒரு பங்கு மாவுக்கு எவ்வளவு தண்ணின்னு எழுதிக் குடு."

அக்காள் யோசித்தாள். "அதெல்லாம் யாரு அளந்தாங்க? கண்ணால பார்த்து ஊத்தச் சொல்லு."