பாம்பன் பாலத்தை செல்போனில் 'கிளிக்' பண்ண போறீங்களா? இதை படிச்சிட்டு போங்க!

பாம்பன்:

ராமேசுவரம் வருகிறவர்கள் பாம்பன் பாலத்தை பார்த்ததும் செல்போனை தூக்குவது வழக்கம். ஆனால் வீட்டுக்கு போய் பார்த்தால் வானம் வெளுத்து, பாலம் கோணலாக இருக்கும். குறை போனில் இல்லை, நேரத்தில்தான்!

பாலத்துக்கு கிழக்கே பாம்பன் கரை. காலையில் கரையில் நின்றால் சூரியன் நம் முதுகுக்கு பின்னால். வெளிச்சம் பாலத்தின் மேல் விழுவதால் படம் 'பளிச்'. மாலையில் சூரியன் பாலத்துக்கு பின்னால் இறங்கும். அப்போது பாலம் கருப்பு நிழலாக தெரியும், வானம் சிவக்கும். உச்சி வெயிலில் மட்டும் எடுக்காதீங்க.

முதலில் லென்சை மெல்லிய துணியால் துடையுங்க. உப்புக்காற்றில் ஈரம் படிந்தால் படம் மங்கும். கேமராவில் கட்டம் கட்டமான கோடுகளை 'ஆன்' செய்து, கடல்கோட்டை அதோடு ஒட்டி வைத்தால் கோணல் வராது. விரலால் 'ஜூம்' செய்தால் படம் உடையும், நடந்து கிட்டே போவதே நல்லது. வானம் வெளுத்தால், திரையை தொட்டு வெளிச்சத்தை குறையுங்க.

2025 ஏப்ரல் 6-ந்தேதி திறக்கப்பட்ட புதிய ரெயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீள தூக்குப்பகுதி செங்குத்தாக மேலே போகும். கப்பல் கடக்கும் நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான்.

ஒரு எச்சரிக்கை: தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்தால் ரெயில்வே சட்டப்படி 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.1,000 வரை அபராதம், அல்லது இரண்டும். சாலை பாலத்திலோ பஸ், லாரி உரசிக்கொண்டு போகும். படம் நாளைக்கும் எடுக்கலாம், உயிர் போனால் வராது!